ஊழியர் பயிற்சியில் நான் சொன்னது

ஞாயிறு ஆராதனையின் கடைசியில் அறிவிப்புகள் வாசிக்கும்போதுதான் முதலில் கேள்விப்பட்டேன். கிராமத்துச் சபைகளைக் கவனித்துக்கொள்கிற உபதேசியார்கள், பிரசங்கம் செய்கிற சபையார், வீடு சந்திக்கிற பெண்கள் எல்லோருக்கும் ஒரு மாதத்துக்குச் சனிக்கிழமைதோறும் தொடர் பயிற்சியாம். சங்கரன்கோவிலில் எங்கள் ஆலயத்தை ஒட்டிய ஹாலில் நடக்கும், மதுரையிலிருந்து ஒரு அம்மா வருவார், கட்டாயம் வர வேண்டும் என்றார் எங்கள் குருவானவர். அவரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம்.

அந்தக் ‘கட்டாயம்’ எனக்குப் பிடிக்கவில்லை. சம்பளத்துக்கு நான் செய்வது சத்துணவு அமைப்பாளர் வேலை. சபைக்குச் செய்வது, பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் போய்ப் பார்த்து ஜெபிப்பது. இத்தனை வருஷமாக அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது திடீரென்று எதற்கு? எங்கள் சபைகளையெல்லாம் நிர்வகிக்கிற திருமண்டலத்தின் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தால்கூட எங்கள் ஆட்கள் காரணம் யோசிப்பார்கள்.

“பயிற்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு எந்தப் பக்கம்னு ஆழம் பாக்காவ,” என்றாள் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

முதல் சனிக்கிழமை போனேன். வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டார்கள். கவனம் சிதறக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் பயிற்சி கொடுக்க வந்த அம்மா கையில் மட்டும் போன் இருந்தது. பாட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறிக்குப் பக்கத்தில் அதை அவர் சாய்த்து வைத்ததைப் பார்த்ததும், பதிவு செய்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஐயர் வந்து ஆரம்ப ஜெபம் செய்தார். ஜெபத்தைக் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். முடித்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நம்மை உட்கார வைத்துவிட்டு இவர் எங்கே போகிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

மத்தியானத்துக்கு மேல் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்குக் கிடைத்தவர் திருவேங்கடம் பக்கம் ஒரு கிராமத்துச் சபையின் உபதேசியார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். பைக்கின் மட்கார்டிலும் செருப்பிலும் கரிசல் மண் அப்பியிருக்கும்.

“நடிக்க வேண்டாம். ஒருத்தர் மனதில் உண்மையாக இருப்பதைச் சொல்லுங்கள். மற்றவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வசனம் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, உடனே கண்ணை மூடி ஜெபிக்கவும் கூடாது. இங்கே பேசுவது இந்த ஹாலைத் தாண்டாது,” என்றார் மதுரை அம்மா.

உபதேசியார் முதலில் சொன்னார். மகள் சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடம் படிக்கிறாள், மனைவிக்கு உடம்பு சரியில்லை, டவுன் பக்கம் மாற்றல் கிடைத்தால் நன்றாக இருக்கும், ஆனால் கிராமத்துச் சபையாரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியமில்லை. இவ்வளவையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு நான் பூசி மெழுகினால் நன்றாகவா இருக்கும்?

“தறி வேலைக்குப் போற ஒரு பிள்ளைக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, தம்பி. வாரா வாரம் போயி ஜெபிச்சேன். செத்துப் போச்சு. அதுக்குப் பிறவும் ஆஸ்பத்திரிக்குப் போறேன், தலையில கை வைக்கேன், வாயி பாட்டுக்கு ஜெபம் சொல்லுது. ஆனா அந்தப் பக்கம் யாரும் கேக்குத மாதிரி இல்ல.”

மதுரை அம்மா சொன்னபடி உபதேசியார் வசனமோ புத்தியோ சொல்லாமல் கேட்டார். எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து போகும் வழியில், ரத வீதி தாண்டுவதற்குள், அந்த லேசு போய்விட்டது. ஆஸ்பத்திரி ஊழியம் செய்கிறவளுக்கு ஜெபம் வரவில்லை என்று தெரிந்தால் சபை என்ன சொல்லும்?

மறுநாளே ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வாய் ஜெபிக்கும், மனசு வேறெங்கேயோ கிடக்கும். அப்படியும் சிலர் நம் நடுவில் இருக்கலாம்,” என்றார். பெண்கள் பக்கம் பார்த்துச் சொன்னதாக எனக்குத் தோன்றியது. அந்த வாரமே காய்கறி மார்க்கெட்டில் ஐயரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஜெபம் வரலன்னா என்ன செய்யணும்னு அந்தப் பயிற்சியில ஏதாச்சும் சொல்லித் தந்தாவளா?” என்று மெதுவாகக் கேட்டார்.

கையில் எடுத்த கத்தரிக்காயை அப்படியே கூடையில் போட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் சொல்லல,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகமே இல்லை, உபதேசியார்தான் சொல்லியிருக்கிறார். ஐயரின் சிபாரிசு இருந்தால் மாற்றல் கிடைக்கும். அதற்கு என் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை நான் ஹாலுக்குள் நுழையும்போது, வேப்பமரத்தடியில் ஐயரும் அவரும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

டீ இடைவேளையில் நேராகவே கேட்டேன்.

“நான் சொன்னத யார்ட்ட சொன்னிய?”

“யார்ட்டயும் சொல்லலக்கா.”

“அப்ப ஐயரு எப்படிப் பிரசங்கத்துல சொல்லுதாரு?”

“அத அவருட்டயே கேளுங்க,” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். குற்றம் செய்தவர் இப்படித்தான் கோபப்படுவார் என்று நினைத்தேன். மதுரை அம்மாவிடம் போய் வேறு ஆளோடு உட்கார வைக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வாரம் ஒரு நாள், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஐயரம்மா சத்துணவுக் கூடத்துக்கே வந்துவிட்டார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்ததும் கேட்டார்.

“அன்னைக்கு மார்க்கெட்ல நான் கேட்டது உனக்குக் கோவமா?”

“கோவம் என்ன. யாரு உங்களுக்குச் சொன்னாவன்னு தெரிஞ்சா போதும்.”

“என்னத்தச் சொன்னாவ?” என்று விழித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் ஐயருக்காகக் கேட்டேன்மா,” என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. ஐயருக்கு வீட்டில் ஜெபமே இல்லையாம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்தே அப்படியாம். எழுதி வைத்ததை ஆலயத்தில் வாசித்துவிடுவார், வீட்டுக்கு வந்தால் விளக்கைக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பிரசங்கத்தில் ‘சிலர்’ என்று அவர் சொன்னது தன்னைத்தான்.

“நீங்களும் போயி அந்தப் பயிற்சியில உக்காருங்கன்னு சொன்னேன். எல்லாரையும் வரச் சொன்ன நானே கத்துக்க உக்காந்தா சபை என்ன நெனைக்கும்னு கேக்காரு. யார்ட்டச் சொல்லுவேன் நான்?”

சொல்லச் சொல்ல அழுதார். நான் குறுக்கே பேசவில்லை. பயிற்சி நினைவுக்கு வந்ததால் அல்ல, எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாததால். அப்போதும் மனதின் ஒரு மூலையில், இது என் வாயைப் பிடுங்கும் வழியாக இருக்குமோ என்று ஒரு எண்ணம் ஓடியது. அவர் மூக்கைச் சிந்தி, எழுந்து, “வாரேன்” என்று போன பிறகுதான் அது அடங்கியது. அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

கடைசிச் சனிக்கிழமை ஐயர் ஆரம்ப ஜெபம் முடித்துவிட்டுக் கிளம்பவில்லை. பின் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹாலில் ஒரு சலசலப்பு. வேவு பார்க்க உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளின் காதில் சொன்னது எனக்கே கேட்டது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்தபோது யாரும் அவர் பக்கம் போகவில்லை. உபதேசியார்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் போட்டார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு வரிசையில் உபதேசியாரின் பின்னால் நின்றேன்.

“தம்பி, உங்களத் தப்பா நெனச்சுட்டேன்.”

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நானும்தான்க்கா. மாற்றல் கேக்குதியாமேன்னு ஐயரு என்னைய மரத்தடிக்குக் கூப்பிட்டு விசாரிச்சாரு. நீங்கதான் போட்டுக் குடுத்துட்டியன்னு அப்ப ரெண்டு நாளு தூக்கம் இல்ல. பிறவுதான் தெரிஞ்சுது, என் வீட்டுக்காரியே ஐயரம்மாட்டச் சொல்லியிருக்கா.”

அவருக்கு மாற்றல் இன்னும் கிடைக்கவில்லை. தேர்தல் வந்தது, போனது. பயிற்சிக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஐயர் என்னோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்தார். கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர், எங்கள் சபையார், நெஞ்சுவலி என்று படுத்திருந்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அவர் கடலைப் பயிரைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் குறுக்கிடாமல் கேட்டோம். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வந்ததுல இருந்து ஒரு வசனமும் சொல்லல, ஜெபமும் பண்ணல. ரெண்டு பேரும் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கிய. டாக்டரு உங்கட்ட ஏதும் சொல்லிட்டாரா?”

ஐயர் சிரித்துவிட்டார். வார்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு படுத்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார். காகிதம் இல்லை. நடுநடுவே நின்றார், ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். நான் கண்ணை மூடியிருந்தேன். அந்தப் பக்கம் யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.