மை வைக்கும் அக்கா

திருப்பூருக்கு வந்த புதிதில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியன்களை விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எங்கள் குடும்பம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தது. வீட்டுக்காரம்மாவின் மகள்தான் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பிறவியிலேயே அவளுக்கு அறிவு வளர்ச்சி மெதுவாக இருந்தது. எழுதப் படிக்க வரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நேரமெடுப்பாள். ஆனால் சொல்லாமல் விடமாட்டாள். அவள் அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளும் என்னைக் கண்ணு என்றே கூப்பிட்டாள்.

ஒருநாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பால்வாடியில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்கள், உதவிக்கு ஆள் வேண்டும் என்றார். கம்பெனி லீவுதான், வருகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற அக்கா, "நானும் வர்றனுங்க" என்றாள்.

வீட்டுக்காரம்மாவுக்கு மனசில்லை. "நாலு சனம் வர்ற எடம் கண்ணு. ஆராச்சும் ஒண்ணு சொல்லிப்போட்டா அவ தாங்கமாட்டா."

"நான் கூடவே இருக்கேம்லாம்மா" என்றேன்.

அக்காவுக்கு மை வைக்கும் வேலை. மருந்து குடித்த குழந்தையின் இடது சுண்டுவிரல் நகத்தில் பேனாவால் அடையாளம் போட வேண்டும். முதல் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வலது கையில் வைத்துவிட்டாள். நர்ஸம்மா காட்டிக்கொடுத்த பிறகு தவறவில்லை. ஒவ்வொரு குழந்தையிடமும், கைக்குழந்தையிடம்கூட, "வெச்சுடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் விரலைப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அழுகையை மறந்து அவள் முகத்தைப் பார்த்தன. வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது.

ஒருவர் பொறுமையிழந்து தன் குழந்தையின் கையை வெடுக்கென்று இழுத்தார். "இந்த மாதிரி ஆளையெல்லாம் எதுக்குங்க உக்கார வெக்கறீங்க?"

எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு அப்படி என்ன அவசரம்? அக்கா ஒழுங்காத்தான வைக்காவ!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அக்காவையே பார்த்தார்கள். அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். அதற்குப் பிறகு அன்று அதைத் தொடவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, "அந்தாளு பேச்ச மனசுல வைக்காதீங்க" என்றேன். அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எதுக்குப் பேசுன? என்னயத்தான சொன்னாரு? நான் சொல்லியிருப்பேன்."

"என்ன சொல்லியிருப்பிய?"

தெருமுனை வரும்வரை யோசித்தாள். "வரிசைல நில்லுங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அடுத்த முறை அவளோடு போனபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்தே போனோம். காலையில் என் வீட்டு வாசலில் தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு எனக்கு முன்பே தயாராக நிற்பாள். சாயப்பட்டறையில் வேலை செய்த வடநாட்டுக் குடும்பங்களிடமும், "வெச்சுடட்டுங்களா?" என்பாள். அவர்களும் ஏதோ புரிந்ததுபோல் பிள்ளையின் கையை நீட்டுவார்கள். தெருப் பிள்ளைகள் அவளை மை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தன.

ஒருமுறை சொட்டு மருந்து ஞாயிறன்றே வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் வந்து கம்பெனியில் லீவு ரத்தானது. "இந்தத் தடவ வேண்டாங்க்கா, அடுத்த தடவ போவோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மனது கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து பார்த்தால், அக்கா பால்வாடியில் தன் நாற்காலியில் உட்கார்ந்து மை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

"நர்ஸம்மா ஊட்டுக்கே வந்து கூப்பிட்டாங்க" என்றாள், நிமிராமல்.

சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே எங்கோ சுருக்கென்றது. நான் அழைத்துப் போவதால்தான் அவள் வருகிறாள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். நர்ஸம்மா எனக்கு ஒரு தக்காளிச் சாதப் பொட்டலம் கொடுத்தார். நின்றுகொண்டே தின்றுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினேன்.

கல்யாணமாகிப் பெருமாநல்லூருக்குப் போன பிறகு அந்தத் தெருப் பக்கம் போவது குறைந்துபோனது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மா மட்டும் இருந்தார்.

"அவ ஊட்டுல எங்க கண்ணு இருக்கறா? கண் டெஸ்ட் பண்ற கேம்ப்பாமா, ஒத்தாசைக்கு ஆள் வேணும்னாங்களாம். எதுத்தூட்டுப் புள்ளையோட காத்தாலயே போயிட்டா."

ஒரு காலத்தில் மகளை வெளியே அனுப்பப் பயந்தவர், கவலையே இல்லாமல் எனக்கு டீ போட உள்ளே போனார். நெடுநேரம் காத்திருந்தேன். அக்கா வரவில்லை. வீட்டுக்காரம்மா மறுபடி போட்டுத் தந்த டீயையும் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.