பாதி மாத்திரை

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருப்பவர் பதறினால் மிதிப்பார். மிதித்த கையோடு திட்டுவார். அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் எங்கள் தெருவில் யாருமில்லை. அவரைக் கட்டிய என் அண்ணனுக்கோ சைக்கிளில் ஏறினாலே உதறும். பழக்கடை வைத்திருக்கிறார். யாருக்கு என்ன நோய் வந்தாலும் அதற்கொரு பழம் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அண்ணிக்கு முதலில் இமை தொங்கியது. காலையில் நன்றாக இருக்கும். மதியம் தாண்டினால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். "அக்கா தூங்கிட்டே சொல்லிக்கொடுக்கறாங்க" என்று ஒரு மாணவி முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அண்ணி இமையைத் தூக்கி பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எதிரே வந்த ஒரு லாரி இரண்டாகத் தெரிந்த அன்றைக்குத்தான் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்து அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

நரம்பு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மயஸ்தீனியா என்று பேர் சொன்னார்.

"நரம்பு போடற உத்தரவு தசைக்குச் சரியா போய்ச் சேரல. கிருமியை விரட்ட வேண்டிய உடம்போட காவல்படையே, நரம்பும் தசையும் சேர்ற இடத்தைத் தாக்குது."

"வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுங்க" என்றார் அண்ணி.

"அதேதான். அந்தப் படையை அடக்கி வைக்கறதுக்குன்னே ரத்தத்துல சில அணுக்கள் இருக்கு. 'இது நம்ம ஆளு, விடு'ன்னு தடுக்கறது அதுங்க வேலை. இந்த நோய்ல நிறைய பேருக்கு அந்த அணுக்கள் எண்ணிக்கை குறையறதில்ல. ஆனா அதட்டினா யாரும் கேக்கறதில்ல."

எங்கள் வீட்டில் அண்ணன் அதட்டுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

"அதுங்களுக்கு மறுபடி பலம் கொடுக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. இப்போதைக்குப் படையை மாத்திரையாலதான் அடக்கணும். நீங்களா நிறுத்திடாதீங்க" என்று முடித்தார் டாக்டர்.

அண்ணன் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று போட்டிருந்தது.

"நோயாளிக்குப் போய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கறாங்களாம்டா! கொள்ளிக்கட்டையால தலையைச் சொறிஞ்சுக்கற கதையா இருக்கே."

"டாக்டரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. எங்களுக்குத் தெரியாமல், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அந்த வெள்ளை மாத்திரையைப் பழம் நறுக்கும் கத்தியால் பாதியாக வெட்டி, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார். பழச்சாற்றில் சக்திப் பவுடர் என்று எதையோ கலக்கினார். அண்ணி கையை நீட்டுவார், வாங்குவார், ஒரே மடக்கில் விழுங்குவார்.

குணமாவதற்குப் பதில் அண்ணியின் குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகும். ஒருநாள் குடித்த சாறு மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. தலை நிற்கவில்லை, மூச்சு மேலும் கீழும் இழுத்தது. ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொண்டையில் குழாய் போட்டு மூச்சு கொடுத்தார்கள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் அண்ணனிடமிருந்து வந்தது.

"பாதி பாதியா கொடுத்தேன் டாக்டர். பவுடரும் கொடுத்தேன். சக்தி வரட்டும்னு."

"சார், சக்தி இல்லாம வந்த நோய் இல்ல இது. அடக்கற ஆள் பேச்சு எடுபடாம வந்தது. நீங்க அடக்கற கையைப் பாதி எடுத்துட்டு, அந்தப் படையை உசுப்பிவிட வேற பார்த்திருக்கீங்க."

அண்ணன் நடையில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு. அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு, தாக்குகிற பொருளை வடித்து எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது, குழாயை எடுத்தார்கள், குரலும் வந்தது. நடந்ததை அண்ணனே அண்ணியிடம் சொன்னார். அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணன் அன்றைக்காவது தூங்கியிருப்பார்.

இப்போது அண்ணி மறுபடி வேலைக்குப் போகிறார். டாக்டர் அனுமதித்தபடி காலை வகுப்பு மட்டும். மாத்திரையை இன்னமும் அண்ணன்தான் எடுத்துக் கொடுக்கிறார். அண்ணி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, முழுசாக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே வாயில் போடுகிறார். பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு காலையில் அண்ணன் கேட்டுவிட்டார்.

"என் மேல நம்பிக்கையே போயிடுச்சா?"

அண்ணி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்பிக்கை இருந்ததாலதாங்க அப்போ பார்க்காம முழுங்கினேன்."