நேராக நூற்று முப்பத்தாறு காலடி

2024 நவம்பர் 9, சனிக்கிழமை. காலை 3.50க்கு எழுந்தேன். அலாரம் 3.55க்கு வைத்திருந்தேன், அதை முந்திக்கொள்வது என் வழக்கம். 4.15க்குக் காபி. 4.25க்குப் பையைச் சரிபார்த்தேன்: டார்ச், விசில், பிளாஸ்திரி, ஷூ லேஸ் இரண்டு ஜோடி, ரூட் ஷீட் பன்னிரண்டு. 4.40க்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே வேன் வந்து நின்றது. அன்று நான் எழுதிவைத்தபடி நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

எங்கள் டிராவல்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அன்று என் ஷீட்டை நம்பிப் பதினொரு பேர் ஒரு வீட்டாரின் சோற்றை மிதித்துக்கொண்டு நடந்தார்கள். பின்னால் நின்று "நேரா போங்க" என்று சொன்னவன் நான்.

ஷீட் போடும் ஆள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்களாக எனக்கு ஒரே வேலை. கோயில் டூர்களுக்கு ரூட் ஷீட் போடுவது. எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள், அதற்குள் எத்தனை பேர் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்க முடியும், எல்லாம் அதில் இருக்கும். கும்பகோணத்தில் காபிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று நான் எழுதினால் பதின்மூன்றாவது நிமிடம் வேன் நகரும். ஒருமுறை ஒரு மாமியை டபரா டம்ளரோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் ஏப்ரலில் எங்கள் முதலாளி காதர் பாய் கூப்பிட்டார்.

"சார், எத்தனை நாளைக்குக் கோயிலையே சுத்துறது? இப்ப நடக்குறதுக்குன்னே ஜனங்க ஊர் விட்டு ஊர் போறாங்க. பச்சைமலைக்கு ஒரு ஷீட் போடுங்க."

போட்டேன். இரண்டு நாள் மலையில் தங்கி, ஐந்தரைக் கிலோமீட்டர் வழியைக் காலடி எண்ணியே நடந்தேன். ஏழு அடையாளங்கள் குறித்தேன். மூன்றாவது இரட்டைப் பலா. நான்காவது திறந்தவெளி, வேலி இல்லை, வரப்பு இல்லை, நேராக 136 காலடி. ஐந்தாவது காட்சிப் பாறை. புகைப்படத்துக்குப் பதினைந்து நிமிடம். ஏழாவது அருவி, 10.40 முதல் 11.05 வரை.

பாய் படித்துப் பார்த்தார். "அருவிக்கு நடை சாத்துற நேரம் போடலையே சார்?"

கேலி என்று புரிவதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு கோளாறு வரும் என்று நினைக்கிறேன். உத்தர வீதியும் சித்திரை வீதியும் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கின்றன. வழி என்றால் நகராது என்று உடம்பிலேயே ஊறிவிடுகிறது. மே மாதம் ஒரு குழு, ஜூன் முதல் வாரம் ஒரு குழு. இரண்டும் ஷீட் பிரகாரம் போய்வந்தன. பிறகு மழை, ஆடி, புரட்டாசி என்று வேனெல்லாம் கோயில்களுக்கே ஓடின. மூன்றாவது குழு தீபாவளி கழிந்துதான் கிளம்பியது.

புல்

துறையூர் வழியாக மலையேறி, 7.45க்கு நடக்க ஆரம்பித்தோம். முன்னால் வசந்தா டீச்சர். உறையூரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வோர் அடையாளம் வந்ததும் ஷீட்டைச் சத்தமாகப் படித்தார்.

"மூணாவது, இரட்டைப் பலா. எல்லாரும் பாத்தாச்சா? அங்க யாரு, பாக்காம வர்றது?"

என் ஷீட்டை இவ்வளவு மரியாதையோடு யாரும் படித்ததில்லை. கடைசி ஆளாக, மிதப்பில் நடந்துகொண்டிருந்தேன்.

நான்காவது இடத்தில் டீச்சர் நின்றுவிட்டார். "சம்பத் சார், திறந்தவெளின்னு போட்டிருக்கு. இங்க என்னமோ வளர்ந்து நிக்குதே?"

எட்டிப் பார்த்தேன். தொடை உயரத்துக்குப் பழுப்பும் பச்சையுமாக, தலை சாய்ந்து நின்றது. "மழைக்குப் புல்லு மண்டிப்போச்சு டீச்சர். நேரா போங்க. நூத்தி முப்பத்தாறு."

"பாம்பு கீம்பு இருக்குமா?"

"குச்சியால தட்டிக்கிட்டே போங்க."

ஆளுக்கொரு மூங்கில் குச்சி நான்தான் கொடுத்திருந்தேன். தட்டிக்கொண்டே போனார்கள். நடுவில் போட்டோவுக்காக இரண்டு பேர் அகலமாகக் கையை விரித்து நின்றார்கள். நான் எண்ணிக்கொண்டே போனேன். தொண்ணூற்று இரண்டில் மேலேயிருந்து சத்தம் கேட்டது.

"ஏங்க! நில்லுங்க! சாமைங்க அது, சாமை!"

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் அரிவாளோடு மேல் ஓரமாகவே ஓடிவந்தார். உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை.

"அசையாதீங்க. அங்கங்கயே நில்லுங்க. ஆளுக்கொரு பக்கம் திரும்புனா மிச்சமும் போயிரும்."

பன்னிரண்டு பேரும் ஒருவர் வீட்டுத் தானியத்துக்குள் சிலையாக நின்றோம். ஏற்கெனவே சாய்த்த தடத்திலேயே ஒவ்வொருவராக வெளியே வரச் சொன்னார். வந்ததும், வேறொன்றும் தோன்றாமல், ஷீட்டை நீட்டினேன்.

"இதுல வழி நேரா போகுதுங்க."

"யாரு எழுதுனது?"

"நான்தாங்க. ஏப்ரல்ல வந்து அளந்தேன்."

"சித்திரையில காடு சும்மா கெடக்கும். அப்ப நாங்களும் குறுக்கதான் போவோம். வெதைச்சுட்டா மேல சுத்திப் போவோம். இது ஒரு சேதியா?"

"அப்படி வழி மாறுறது எந்தத் தேதியிலங்க?" பேனாவைத் திறந்துகொண்டு கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மழை பேஞ்சா மாறும். இருங்க, மழையைக் கூப்பிட்டுத் தேதி கேட்டுச் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். பூங்கொடி என்பது அவர் பெயர். பத்து நாளில் அறுப்பு வைத்திருந்தாராம். வீட்டுச் சோறும் அடுத்த வருட விதையும் அந்தப் புன்செய்க் காட்டிலிருந்துதான் வரவேண்டும். கணவர் மரவள்ளிக் கிழங்கு லோடோடு துறையூருக்குப் போயிருந்தார். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

"சாஞ்சதை இன்னிக்கே அறுத்துத் தூக்கணும். விட்டா மழையில முளைச்சுப் பாழாப்போயிரும். ஒத்தையாளா எதைன்னு பாப்பேன்?"

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அது கொஞ்சம் நீளமாகப் போயிற்று.

"சார், அதை வேன்ல வச்சுப் பேசலாம்" என்றார் டீச்சர். பிறகு பூங்கொடியிடம், "நான் ஆறாங்கிளாஸுக்கு இருபது வருஷம் சிறுதானியம் பாடம் நடத்துனவம்மா. செடியைக் கண்ணால பாத்ததில்ல. என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

கட்டு

ஊருக்குள்ளிருந்து பூங்கொடி இன்னோர் அரிவாள் வாங்கிவந்தார். தலைவன் என்ற முறையில் நான் வாங்கிக்கொண்டேன். முதல் பிடி வேரோடு வந்தது. இரண்டாவது பிடியில் என் பேன்ட் ஓரமும் சேர்ந்து வந்தது.

"சார், நீங்க எழுதுறவரு. அரிவாளைக் குடுத்துருங்க" என்று பூங்கொடி வாங்கிக்கொண்டார். அது டீச்சர் கைக்குப் போயிற்று. அவர் மெதுவாக, ஆனால் ஒழுங்காக அறுத்தார். பூங்கொடி அறுத்துக் கட்ட, மற்றவர்கள் சுமந்தோம்.

"எங்கங்க வைக்கணும்?"

"அந்தா, பாறையில. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க, கதிரடிக்கிற களம் அது."

அது என் ஐந்தாவது அடையாளம், காட்சிப் பாறை. மே மாதம் அதே பாறையில் ஷூக்காலோடு உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு, ஊறுகாய்க் கையைப் பாறையிலேயே துடைத்திருக்கிறோம். இப்போது வெறுங்காலோடு, முதுகில் சாமை குத்த, அதன்மேல் ஏறினேன். காட்சி நன்றாகத்தான் இருந்தது. பார்க்க நேரமில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒருவர் கேட்டார். "அருவி எப்ப சார்?"

நான் ஷீட்டைத் தேடுவதற்குள் டீச்சர் சொன்னார். "சத்தம் கேக்குதுல்ல? இன்னிக்கு அவ்வளவுதான்."

மொத்தம் இருபத்தேழு கட்டு. எண்ணாமல் இருக்க முடியவில்லை. மிதிபட்டதில் உதிர்ந்து மண்ணோடு போனதை எண்ண வழியில்லை. அதுவும் நிறைய இருந்தது. வேனிலிருந்த தார்ப்பாயை எடுத்துவந்து கட்டுகளை மூடி, மேலே கல் வைத்தோம். மணி 3.20.

கிளம்பும்போது, இனி இந்தப் பக்கம் குழு கொண்டுவர மாட்டோம் என்று சொன்னேன்.

பூங்கொடி தலைமுடியிலிருந்த சாமைத் தாளைத் தட்டிவிட்டார். "வராதீங்கன்னா சொன்னேன்? கேட்டுட்டு வாங்க. எத்தனை அடின்னு எழுதத் தெரிஞ்சிருக்கு. யாரு காடுன்னு ஒரு வார்த்தை எழுதலையே."

ஷீட்டின் பின்பக்கத்தில் அவர் போன் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

வேன் அடிவாரத்துக்கு வந்ததும் காதர் பாய் கூப்பிட்டார். "சார், அருவி எப்படி?"

"கேட்டோம் பாய்."

"என்னது?"

"வந்து சொல்றேன்."

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். ஒரு வழியை ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு வருடம் முழுவதற்கும் எழுதாதீர்கள். எந்த மாதம் பார்த்தோம் என்று மேலேயே குறியுங்கள். வெறும் இடம் என்று உங்கள் கண்ணுக்குப் படுவதை யாராவது உழுகிறார்களா என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களுக்கே போன் செய்து, இப்போது எப்படிப் போக வேண்டும் என்று கேளுங்கள். கோயில் ஷீட்டில் இருபத்தாறு வருடம் தப்பு வராததற்குக் காரணம் என் திறமை அல்ல. கோயில் அங்கேயே இருந்தது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி ஸ்ரீரங்கத்தில் நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும், காபிக்கு முன்னால், பூங்கொடிக்குப் போன் செய்தேன்.

"மேல மழைங்களா?"

"விடிய விடிய."

"கட்டு?"

"மேல இருந்ததெல்லாம் காஞ்சுதான் இருக்கு. பாறை சரிவுல தண்ணி ஓடி, அடியில நாலு கட்டு நனைஞ்சுபோச்சு. பிரிச்சுப் போட்டிருக்கேன். ரெண்டு மணி நேரம் வெயில் அடிச்சாப் போதும், தேறிரும். அங்க வெயில் வந்திருச்சுங்களா?"

போனோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். எங்கும் மூட்டமாக இருந்தது.

"இன்னும் இல்லீங்க."

"இங்கயும் இல்ல. வந்தா ஒரு போன் போடுங்க."

கீழே போய் நாற்காலியைத் தூக்கி வந்து, கிழக்கே பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.