சிலைக்குப் போட்ட மாலை

எங்கள் கடற்கரையில் வலை வீசுகிற மீனவர் சிலை ஒன்று நிற்கிறது. யாழ்ப்பாணம் பார்க்க வருகிறவர்கள் அதன் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் கழுத்தில் முதல் மாலையைப் போட்டவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. மாலை போட்ட கைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

கடற்கரையை அழகாக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் வந்தார்கள். நடைபாதை, உட்கார வாங்குகள், விளக்குக் கம்பங்கள், நடுவில் மீனவரைக் கௌரவிக்க ஒரு சிலை. சிலைக்கு இடம் போதாது என்று மீனவர்களின் வள்ளங்களை அப்புறப்படுத்தினார்கள். அப்பாவின் வள்ளம் மதகுக்கு அப்பால் சேற்றுக்குள் போனது. அதிகாரிகளை ஏசி என்ன கண்டோம் என்று அவர் அங்கேயே அதைக் கட்டிவைத்தார்.

அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது மூன்று வருடம். அவர் போன வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. எங்கேயோ கரையேறியிருப்பான் என்று அம்மா நம்பினார். அண்ணையின் ஆத்துமத்துக்குத் தேவாலயத்தில் பூசை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. அயல் வீடுகளில் செத்துப்போனவர்களின் படங்களெல்லாம் மாலையும் மின்குமிழுமாக மினுங்க, எங்கள் அண்ணையின் படம் மட்டும் வெறுமையாகத் தொங்கியது எனக்கு வெட்கமாக இருந்தது.

சிற்பி சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அம்மா அந்தப் படத்தைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

“தம்பி, முகத்தை மட்டும் என்ரை பிள்ளையின்ரை மாதிரிச் செய்து தாங்கோ. எங்கையெங்கையோ இருந்து சனம் வரும். ஆரும் இவனைக் கண்டவை இருந்தால் சொல்லுவினம்தானே.”

சிற்பி படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“ஓம் அம்மா, செய்யிறன்.”

சொன்னபடியே செய்தார். இடது புருவத்து வெட்டுக்காயம்கூடத் தப்பவில்லை. அதன்பின் அம்மா தினமும் அங்கே போய், சிலையைப் பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

திறப்புவிழாவில் மாலைத் தட்டு ஏந்த என்னைத் தெரிவுசெய்தார்கள். அம்மாவே சட்டைக்குக் கஞ்சி போட்டு மினுக்கி உடுத்திவிட்டார். அந்த மாலை, வருகிற பிரமுகருக்குப் போடத்தான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

பிரமுகருக்கு வயிறு பெரிது. பீடத்தில் ஏற முடியவில்லை. “பிள்ளை போடட்டும்” என்று சிரித்தபடி என்னைத் தூக்கி ஏற்றிவிட்டார். வலை வீசக் குனிந்து நின்ற அண்ணையின் கழுத்து எனக்கு எட்டியது. கடைசியில் எங்கள் அண்ணைக்கும் ஒரு மாலை! பூரித்துப்போய்ப் போட்டேன். கைதட்டினார்கள்; பாண்ட் வாத்தியம் முழங்கியது. கூட்டத்துக்கு நடுவே அம்மா இரண்டு கைகளையும் வீசி என்னவோ கத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மாலை கோணலாக இருக்கிறது போலும் என்று நினைத்து, அதை நன்றாக இழுத்துச் சரிசெய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அம்மா எனக்கு அடிக்கவில்லை. கடற்கரைப் பக்கம் போவதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமியார் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். ஒலிபெருக்கியில் அண்ணையின் பெயர் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அம்மா, எங்கடை அண்ணையின்ரை பேர்!” என்று அவரை இடித்துக் காட்டினேன்.

அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தது அம்மாதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.