ஆமா போடும் குரல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன், கொச்சியில் ஹோட்டல் மேஜை துடைத்தேன். திரும்பி வந்து அம்பாசமுத்திரத்தில் ஒரு மைக் செட்காரரிடம் பதினொரு வருடம் இருந்தேன். கோயில் கொடைத் திருவிழா மேடைகளுக்குப் பின்னால்தான் உறக்கம். ரெக்கார்டு பிளேயரைக் கழற்றிப் பூட்டக் கற்றதும் அங்கேதான். இப்போது பாளையங்கோட்டையில் ஒற்றை அறை எடுத்து, பழைய பிளேயர்களைச் சரிசெய்து பிழைக்கிறேன். பிடித்த தொழில், மேலே கூரை. குறை ஒன்றும் இல்லை.

போன ஐப்பசியில் களக்காட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். ஒரு பிளேயரையும், சேலையில் சுற்றிய ஒரே ஒரு இசைத்தட்டையும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவருடைய அம்மா வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுக்காரி. புலவர் கதையைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுகிற வேலை. அக்கா ஒன்பதாவது படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் குரல் மிஞ்சியிருப்பது அந்தத் தட்டில் மட்டும். பிளேயர் பழுதாகி முப்பது வருடம் ஆனதால், அத்தனை காலமும் அவர் அதைக் கேட்கவில்லை.

மோட்டார் ஓடியது, தட்டுதான் சுற்றவில்லை. மோட்டார் தண்டுக்கும் தட்டைத் தாங்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. அது இறுகிப்போய் வழுக்கியது. மைக் செட் வழக்கப்படி தண்டில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. மறுவாரம் அவரை வரச்சொல்லி, முள்ளை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் முகம் சுருங்கியது.

"இது எங்கம்ம இல்ல அண்ணாச்சி."

"நீங்க கொண்டாந்த தட்டுதானக்கா. எத்தன வருசமாச்சு, மறந்திருக்கும்."

"பெத்தவ குரலு மறக்குமா? எங்கம்மைக்குக் கட்டக் குரலு. இவ என்ன, மூஞ்சூறு மாதிரி கீச்சு கீச்சுங்கா. நீங்கதான் என்னமோ செஞ்சு வச்சிருக்கீய."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது பொய் என்று காட்டத்தான், வட்டத்தின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி, கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினேன். முப்பத்து மூன்று முறை சுற்ற வேண்டியது முப்பத்தேழு முறை சுற்றியது. டேப் தண்டைத் தடிமனாக்கி வேகத்தைக் கூட்டியிருந்தது. கொடையில் குழாய் ஸ்பீக்கர் அலறும்போது இதை யாரும் குறை சொன்னதில்லை, பாட்டு எடுப்பாக இருக்கிறது என்பார்கள். பதினொரு வருடம் அப்படியே கேட்டுப் பழகிய காது என்னுடையது.

"தப்பு என் மேலதான்க்கா. செத்த இருங்க."

டேப்பை உரித்துத் தண்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். ரப்பர் சக்கரத்தை உப்புத்தாளில் பைய உரசினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. மறுபடி எண்ணினேன், சரியாக இருந்தது. ஆனாலும் முள்ளை வைக்கும் முன் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். இப்போதும் அம்மாவின் குரல் வரவில்லையென்றால் அவருக்கு வேறு தட்டு கிடையாது.

புலவரின் குரல் கனத்து வந்தது. அவர் வரியை முடிக்கும் முன்பே, கட்டைக் குரலில் ஓர் "ஆமா".

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்து, பிறகு சிரித்தார்.

"இவதான்! வரி முடியுததுக்குள்ள முந்திக்கிட்டு ஆமா போட்டுருவா. புலவரு வையாத நாள் கிடையாது."

ஒரு தவறான காதோடு மிச்சக் காலத்தையும் ஓட்டியிருப்பேன். அதைத் திருத்தியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். தட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் அவருடைய அம்மா நான்கு இடங்களில் முந்தினார். நான்கு முறையும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.