டோர்கஸின் கட்டில் கிடந்த பக்கம்

ஆண்டவர் பரமேறின திருநாளில் ஹாலோகாட் ஜனங்கள் குச்சியோடு ஊர் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக் கல் ஒவ்வொன்றையும் தட்டி ஜெபிப்பார்கள். டோர்கஸ் பென்ஃபோல்டின் வீடு எல்லைமேலேயே நிற்பதால், ஜன்னல் வழியாக ஏறி வாசல் வழியாக இறங்குவார்கள். அந்த வீட்டுக்குள் இருந்த கல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. குத்துமதிப்பாகத் தரையைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

டோர்கஸுக்குத் தெரியும். அவள் வெண்ணெய்ச் சட்டி வைக்கும் கல்தான் அது. தேய்த்துக் கழுவும்போது சிலுவைக் கீறலைப் பார்த்திருக்கிறாள்.

நாற்பது வருடமாகக் கோயில் தரையைத் துடைப்பவள் அவள். கோபுரத்தடியில், பெரிய யூ மர நிழலில், புருஷன் சைலஸ் அடக்கமாகியிருந்தான். பக்கத்து இடம் தனக்கென்று நம்பியிருந்தாள். இந்த வருடம் புதுப் போதகர், கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு, இனி ஊர்க்காரருக்கு மட்டும் என்று அறிவித்தார். எல்லைமேல் வீடிருந்தால், கட்டில் கிடக்கும் பக்கமே சொந்த ஊர் என்று பழைய ஏட்டில் இருந்ததாம். கூரை ஒழுகுகிறதென்று சைலஸ் கட்டிலை மறுபக்கம் தள்ளிப் போட்டிருந்தான். அது பக்கத்து ஊரான மார்ல்ஸ்டெட்டின் பக்கம்.

திருநாளன்று கொல்லர் அம்ப்ரோஸ் ஜன்னலில் மாட்டிக்கொண்டார்.

"அக்கா, போன வருஷத்தைவிட ஜன்னல் சின்னதாயிடுச்சே!"

"ஜன்னல் அப்படியேதான் இருக்கு. உன் வயித்தைக் கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். போதகர் மட்டும் தரையைத் தேடினார். "கல்லு எங்கேம்மா இருந்திருக்கும்?"

சட்டியை நகர்த்தாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கர்த்தருடைய வீட்டைத் துடைத்த கை பொய்க்கு நீளவில்லை. சட்டியைத் தூக்கினாள்.

"இதோ இருக்குங்க ஐயா."

கல்லிலிருந்து வாசல்வரை எல்லைக்கோடாகப் போதகர் கயிறு பிடித்தார். கட்டில் முழுக்க மார்ல்ஸ்டெட் பக்கம். டோர்கஸ் முந்தானைத் துணியைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"கட்டிலை ஆணியடிச்சா வச்சிருக்கு? ஆளுக்கொரு கால் பிடிங்கப்பா!" என்றார் அம்ப்ரோஸ்.

நாலு பேர் தூக்கிக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் போட்டார்கள். போதகர் ஏட்டைப் புரட்டினார். "எத்தனை நாள் கிடக்கணும்னு இதுல போடலை," என்று மெல்லச் சிரித்தார்.

"ஐயோ, இங்க ஒழுகுமே!"

"சனிக்கிழமை ஏணியோட வர்றேன்க்கா."

வெள்ளிக்கிழமையே மழை வந்தது. டோர்கஸ் தலைமாட்டில் ஒரு சட்டியை வைத்துவிட்டு, தன் ஊரில் படுத்துக்கொண்டாள்.