கதை மிஸ் கொடுத்த வேலை

பதினோரு வருஷமாக எங்கள் மழலையர் பள்ளியில் அவளுக்குக் கதை மிஸ் என்றுதான் பெயர். மூக்கு ஒழுகும் இருபது வாண்டுகளை வாயைப் பிளந்து உட்கார வைக்க அவளால் மட்டும்தான் முடியும். நான் அங்கே ஆயா. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவளிடம் ஒரு பிடிவாதம். கதை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தே ஆக வேண்டும். "சும்மா கேட்டா காத்தோட போயிடும்க்கா" என்பாள்.

அன்றைக்குப் பூமிக்குக் காய்ச்சல் வந்த கதை. குளம் வற்றிப்போய், ஒரு தவளை ஈரம் தேடி வீடு வீடாக அலைகிறது. எல்லா வீட்டிலும் மிஷின் ஓடுகிறது, பூமிக்குக் காய்ச்சல் ஏறுகிறது. "வீட்டுல ஒரே ஒரு சுவிட்சை அணைச்சா காய்ச்சல் இறங்கும். எதை அணைப்பீங்க? வரைஞ்சு குடுங்க" என்றாள்.

மதியம் பிள்ளைகளை அவரவர் வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்பி வந்தேன். அவள் படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு, டிவி, ஃபேன். ஒரு படத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அக்கா, இது என்ன?"

ஒரு பெட்டி. அதிலிருந்து நீளமாகக் குழாய். குழாயின் முனையில் படுத்திருக்கும் ஓர் ஆள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் பட்டாணி என்று கூப்பிடும் நாலு வயசுக்காரி வரைந்தது. அவள் அப்பா பெயின்ட் பட்டறையில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். ஆக்சிஜன் மிஷின் கொஞ்ச நேரம் நின்றாலே திணறிவிடுவார். அம்மா வேலையிலிருந்து வர மூன்று மணி ஆகும். பட்டாணியை நான் விட்டு வந்து கால் மணி நேரமாகிவிட்டது.

போன் அடித்தோம். எடுக்கவில்லை. "அடிப்பாவி, உன் கதையில இடி விழ!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் செருப்புகூட மாட்டாமல் என்னை முந்திக்கொண்டு ஓடினாள். மூன்றே தெருதான், ஆனால் போய்க்கொண்டே இருந்தது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் சத்தம் இல்லை. கட்டிலில் அவர் உதடு நீலம் பாரித்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சிழுத்துக்கொண்டிருந்தார். பட்டாணி அவர் கையைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு வந்ததும் மறுபடி ஒன்று.

மிஸ் பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். நான் குழாயை அவர் மூக்கில் சரியாக மாட்டினேன். மெல்ல மெல்ல அவர் முகத்தில் நிறம் திரும்பியது.

"பூமிக்காக மிஷினை அணைக்கட்டுமான்னு கேட்டா. நூறு எண்ணுற வரைக்கும்தானேன்னு... நான்தான் சரின்னேன்" என்றார். "பதினேழுக்கு மேல தெரியாதுன்னு எனக்குத் தோணல. போடுன்னு சொல்லக் குரல் வரல."

மிஸ்ஸைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு அவர் முதுகுக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்தேன்.

பட்டாணி ஓவென்று அழுதாள். "மிஷினைப் போட்டுட்டீங்களே! பூமிக்குக் காய்ச்சல் ஏறுமே!"

மிஸ் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "அப்பாவோட மூச்சுதான் முதல்ல, தங்கம். மிஸ் தப்பா சொல்லிட்டேன். காய்ச்சலை ஏத்துறது வேற, பெரிய பெரிய மிஷினுங்க. அதைப் பெரியவங்கதான் அணைக்கணும்."

"அணைச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

பட்டாணி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "அவங்களுக்கு ஏன் மிஸ் நீங்க கதை சொல்லல?"

அறையில் இருந்த பெரியவர்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது.